எதிர் வீட்டில் இருக்கும் அரக்குப் பட்டு

என் அக்கா பிள்ளையார்பாளையத்தில் புடவை ஆர்டர் எடுக்கிறாள். தெருத் தெருவாகத் தறிகளுக்குப் பட்டும் டிசைனும் கொடுத்து, நெய்த புடவையை வாங்கிக் கடைக்கும் கல்யாண வீட்டுக்கும் சேர்ப்பது அவள் தொழில். நான் அவளுடைய தம்பி. அதுதான் என் முழுநேர வேலை என்பாள். மிச்ச நேரத்தில் கம்ப்யூட்டருக்கு மென்பொருள் எழுதுகிறேன்.

நெசவுக் குடும்பத்தில் பிறந்தும் தறியில் உட்காராதவன் நான். இல்லை, ஒரே ஒரு முறை உட்கார்ந்தேன். நான் அறுத்து வைத்த இழைகளை முடிந்து முடிக்க அப்பாவுக்கு ஒரு பொழுது ஆனது. அதன் பிறகு என்னை இன்ஜினியரிங் படிக்க வைப்பது பற்றி வீட்டில் கருத்து வேறுபாடே இருக்கவில்லை.

அக்காவை எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். என் புடவை நாளுக்குள் வந்துவிடுமா? கேள்வி சின்னது, பதிலைத் தேடினால் ஊரையே சுற்ற வேண்டும். புடவை ஒரு தறியில் இருக்கும். தறிக்குப் பாவு, அதாவது நீளவாக்கில் கட்டும் இழை, ஒருவர் தர வேண்டும், கரைக்கான பட்டு சாயக்காரரிடமிருந்து வர வேண்டும், ஜரிகை இன்னொரு இடத்திலிருந்து. இதையெல்லாம் அக்கா தலையில் வைத்திருந்தாள். இதற்காகவே பிறந்த சாமான் ஒன்று என்னிடம் உண்டு என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். அதன் பெயர் கிராஃப் டேட்டாபேஸ். பயப்பட ஒன்றுமில்லை. ஆள், தறி, பட்டு, புடவை எல்லாம் புள்ளிகள். யாரிடமிருந்து யாருக்கு எது போகிறது என்பது கோடுகள். கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் விடை கிடைத்துவிடும். விடைகள் அக்கா வீட்டுச் சுவரில் இருக்கும் டிவியில் வரிசையாகத் தெரியும். பச்சை என்றால் புடவை வரும், சிவப்பு என்றால் வராது.

முதல் நாளே மானம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று எழுதிவிட்டு, அமாவாசையை மறந்துவிட்டேன். அமாவாசையன்று எங்கள் தெருவில் எந்தத் தறியும் ஓடாது. அன்றைக்கு என் டிவி மட்டும் மும்முரமாக நெய்துகொண்டிருந்தது. அதைத் திருத்தினேன். திருத்த முடியாத வியாதி வேறொன்று இருந்தது.

“டேய், சுத்துதுடா.”

“யோசிக்குதுக்கா.”

“நான் யோசிச்சா இவ்ளோ நேரமா ஆவுது?”

திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். யாரோ ஒருவர் ஜரிகை வாங்கிக்கொண்டார் என்று அக்கா போனில் தட்டுவாள். என் புத்திசாலி நிரல் உடனே இருந்த விடைகளையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டு, ஊரில் உள்ள எல்லாத் தறியையும் எல்லாப் புடவையையும் முதலிலிருந்து கேட்டுக்கொண்டு வரும். அது முடிவதற்குள் இன்னொருவர் எதையாவது வாங்கியிருப்பார். மறுபடி வட்டம்.

“ஒரு பல்லு வலிச்சா வாயில இருக்கிறத எல்லாம் புடுங்கிட்டு மறுபடி நடுவியா நீ?” என்றாள் அக்கா.

இனிப் பிடுங்கி நட மாட்டேன் என்று சபதம் எடுத்தேன். விடைகளைக் கொட்டாமல் வைத்துக்கொள்வது, எது மாறியதோ அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பும் கோடுகளை மட்டும் தொடர்வது, தொட்ட விடையை மட்டும் திருத்துவது. இதுதான் திட்டம். புதிதாக ஒன்று கூடுவது சுலபம், இருந்தது ஒன்று கழிவதுதான் வில்லங்கம். அதற்கும் ஒரு வழி செய்தேன். ஒவ்வொரு பச்சைக்குப் பின்னாலும் எத்தனை காரணம் இருக்கிறது என்று எண்ணி வைத்தேன். ஒரு காரணம் போனால் ஒன்றைக் கழி, எல்லாம் போனால் சிவப்பாக்கு. வட்டம் காணாமல் போயிற்று. தட்டினால் பளிச்சென்று மாறியது. அன்று நான் தெருவில் நடந்த நடையைப் பார்த்தால் தேரே ஒதுங்கி வழிவிட்டிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் செவிலிமேட்டுப் பெண் வந்தாள். டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாள், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும். அவளுக்குச் சர்ச்சில் கல்யாணம். கல்யாணத்தை அறிவிக்கும் ஓலையை அங்கே வாசிக்க ஆரம்பித்தாகிவிட்டது, தேதியை இனி நகர்த்த முடியாது. அவள் கேட்ட புடவைக்குச் சந்தன நிற உடம்பு, அரக்குச் சிவப்பில் கரையும் முந்தியும். கோர்வைப் புடவை, அதாவது கரையையும் உடம்பையும் தனித்தனி நிறத்தில் நெய்து, நெய்யும்போதே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போவது. அவளுடைய சம்பளத்தில் அவளே எடுக்கிற புடவை.

“எங்க வீட்ல யாரும் பட்டு வாங்கினதே இல்லக்கா” என்றாள் அக்காவிடம். “எங்கம்மா கல்யாணத்துக்குக் கட்டிக்கினது எதிர் வீட்டுப் பொடவ. இரவல். மறுநாளு தொவைச்சுக் குடுத்துட்டு வந்துச்சாம். நான் இரவல் கட்டக்கூடாது. அவ்ளோதான்.”

அக்கா டிவியைக் காட்டினாள். பச்சை. பெண் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

நடுவில் ஒரு நாள் சாயக்காரர் போன் செய்தார். புதிதாகச் சாயம் போட்ட அரக்கு கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டது, கொடுக்க முடியாது, மறுபடி போட ஆள் இல்லை, கல்யாணத்துக்குள் நடக்காது. சாயக்காரரிடமிருந்து வரும் அரக்குக் கோட்டை அக்கா அழித்தாள். டிவி அசையவில்லை. பெண்ணின் புடவை பச்சையாகவே நின்றது.

“வேற எங்கயோ இருக்குது போலருக்குது, அதான் பச்ச” என்றாள் அக்கா. நான் ஆமாம் போட்டேன். என் நிரலை நம்பாமல் யாரை நம்புவது?

சில நாள் கழித்து, கோர்வை எப்படி இருக்கிறது என்று பார்க்கலாமே என்று அந்தத் தறி வீட்டுக்குப் போனேன். தறி நின்றிருந்தது. கரைக்கான பாவு, சாயக்காரர் முதலில் போட்ட அரக்கில், தறியில் ஏறியிருந்தது. அதில் குறுக்கே ஊடையாக ஓட்ட அதே சாயப் பட்டு கொஞ்சம் வேண்டும். நெசவாளி அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னாண்ணா, சும்மா உக்காந்துக்கினு இருக்கீங்க?”

“அரக்கு வேணும்பா. எதிர் வீட்ல இருக்குது, கைமாத்தா வாங்கிக்கலாம்னு இருக்கேன்.”

கைமாற்று எங்கள் தெருவின் பழக்கம். ஒரு நிறம் குறைந்தால் பக்கத்துத் தறியில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு, பிறகு திருப்பிக் கொடுப்பார்கள். டேட்டாபேஸிலும் அதை நான் பெருமையாகச் சேர்த்திருந்தேன். நேராக எதிர் வீட்டுக்குப் போனேன். அங்கே மாமா ஒருவர்.

“மாமா, அரக்கு ஒரு கட்டு அண்ணனுக்கு வேணுமாம்.”

“என்கிட்டயா?” மாமா சிரித்தார். “நான் அவன்கிட்ட வாங்கலாம்னுதாம்பா பாவ ஏத்தி வச்சுக்கினு இருக்கேன். ஒன் டிவில அவன்கிட்ட இருக்குதுன்னுதான காட்டுது?”

நடுத்தெருவில் நின்றேன். இந்த வீட்டில் அரக்கு இருக்கிறது, ஏனென்றால் எதிர் வீட்டில் இருக்கிறது. எதிர் வீட்டில் இருக்கிறது, ஏனென்றால் இந்த வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு காரணம், சாயக்காரரும் எதிர் வீடும். சாயக்காரர் போனதும் இரண்டு ஒன்றானது. பூஜ்யம் ஆகவில்லை. குடித்துவிட்ட இருவர் ஒருவர் தோளில் ஒருவர் கையைப் போட்டுக்கொண்டு, நான் நேராகத்தான் நிற்கிறேன் என்று சொல்வதுபோல இரண்டு வீடும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு பச்சையாக நின்றன. அந்தப் பச்சையைத்தான் ஒரு பெண் படமெடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

அக்காவிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“பழசையே போட்டுடு. சுத்தினாலும் அது பொய் சொல்லல.”

அவள் சொன்னது சரிதான். முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டால் இந்த ஏமாற்று நடக்காது. ஆனால் அந்த வட்டம் சுற்றி முடிவதற்குள் நாளே சுற்றி முடிந்துவிடும். “விடமாட்டேன்க்கா” என்றேன். “வேகமாவும் இருக்கணும், பொய்யும் சொல்லக்கூடாது.”

“ரெண்டும் சேந்த ஆள நான் பாத்ததே இல்ல” என்றாள். “சீக்கிரம் செய். அந்தப் பொண்ணுகிட்ட நான் இன்னா சொல்றது?”

பொழுது விடிந்ததும் உட்கார்ந்தேன். எண்ணுவதைத் தூக்கிப் போட்டேன். புது விதி இது. ஒரு கோடு போனால், அதைச் சாய்ந்து நின்ற எல்லாவற்றையும், அவற்றைச் சாய்ந்து நின்றவற்றையும், முதலில் சந்தேகத்தில் கீழே இறக்கு. பிறகு இறக்கியவர்களை மட்டும் ஒவ்வொருவராகக் கேள்: அடுத்த வீட்டைக் கைகாட்டாமல் சொல், உன் கையில் இருக்கிறதா? ஆமென்றவரை மேலே ஏற்று. அவரை நம்பி நிற்பவர்களும் கூடவே ஏறுவார்கள். சந்தேகத்தில் வராத ஊரின் மிச்சப் பகுதியைத் தொடவே தொடாதே.

முதல் ஓட்டத்தில் இறக்குவதைச் சரியாகச் செய்தேன். ஏற்றுவதை எழுதிய இடத்தில் ஒரு தவறு. அரக்கைத் தொட்ட அத்தனை புடவையும் சிவந்தது.

“இன்னாடா இது, தெருவுல எதுனா சாவா?”

“இரு அக்கா, ஏத்தறேன்.”

“ஏத்து ஏத்து. போன் அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க.”

ஏற்றினேன். கோட்டை அழித்தேன், மறுபடி போட்டேன், மறுபடி அழித்தேன். ஒவ்வொரு முறையும் பழைய சுற்று வழியில் ஒரு விடை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாக வரும்வரை எழுந்திருப்பதில்லை என்று முடிவு. சாப்பாட்டைக்கூட அக்கா மேஜைக்கே கொண்டுவந்து வைத்தாள். இரக்கத்தால் அல்ல, நான் எழுந்து ஓடிவிடாமல் இருக்க.

பிற்பகலில் டிவி உண்மையைச் சொன்னது. அண்ணன் வீடு சிவப்பு, எதிர் வீட்டு மாமா சிவப்பு, செவிலிமேட்டுப் பெண்ணின் புடவை சிவப்பு. மற்ற வரிசைகள் கண்கூட இமைக்கவில்லை. சந்தேகத்தில் இறங்கியவர்களில் ஒரே ஒரு தறி மட்டும் தன் காலில் தானே ஏறிப் பச்சையானது. ஊருக்கு வெளியே கூரத்தில் ஒரு தறி. அவர்களும் அதே சாயக்காரரை நம்பியவர்கள்தான். ஆனால் அவர் முதலில் போட்ட அரக்குப் பட்டே அவர்கள் கையில் இருந்தது.

அக்கா டிவியையே பார்த்தாள். “நான்தான்டா குடுத்தேன். மறந்தே பூட்டேன். அவங்களுக்கும் நம்ம தெருவுக்கும் கைமாத்தே கெடையாது, யாரு கேக்கப்போறாங்க?”

உடனே போன் போட்டாள். கூரத்தில் நெசவாளியின் மனைவி எடுத்தார். அந்தப் புடவை கடைக்குப் போவது, அதற்குக் குறித்த நாள் இல்லை. பாவு இன்னும் தறியில் ஏறவும் இல்லை.

“எடுத்துக்கம்மா” என்றது போனில் குரல். “ஆனா தறி சும்மா நிக்கக்கூடாது. வேற பட்டு அனுப்பு.”

“இப்பவே அனுப்பறேன். எங்க வீட்டு இன்ஜினியரே கொண்டுக்கினு வருவாரு.”

வண்டியில் கிளிப்பச்சைப் பட்டை வைத்துக்கொண்டு போனேன், அரக்கோடு திரும்பினேன். வழியெல்லாம் ஒரு கையால் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். வேறு சாயமாக இருந்தால் எல்லாம் வீண். அண்ணன் வீட்டு வாசல் வெயிலில் அக்கா அந்தக் கட்டைப் பிரித்து, தறியிலிருந்த கரைப் பாவின் மேல் கொண்டுபோய் வைத்தாள். எதிர் வீட்டு மாமாவும் வந்து எட்டிப் பார்த்தார். அண்ணன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“சேருது” என்றார்.

தறியில் நாடா குறுக்கே ஓடும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மாமாவின் தறிக்கு அரக்கு கிடைக்கவில்லை. அவருடைய புடவைக்கு அவசரமில்லை. டிவியில் பெண்ணின் புடவை மறுபடி பச்சையானது, அவர் சிவப்பாகவே இருந்தார். “பரவால்லப்பா, நெஜமான செவப்பு” என்றார்.

பெண்ணுக்கு அன்றே போன் செய்து, முன்பு காட்டிய பச்சை பொய் என்றும் இப்போதையது நிஜம் என்றும் சொன்னேன். “ரெண்டும் ஒரே கலர்லதானண்ணா இருக்குது?” என்றாள். மறுநாள் பஸ் ஏறி வந்துவிட்டாள். டிவியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் தறிக்குப் போய், கரை வளர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நியாயம்தான்.

புடவையைத் தறியிலிருந்து அறுத்துக்கொண்டு வந்த அன்று அக்கா போனில் தட்டினாள். அந்த ஒரு வரி மட்டும் டிவியிலிருந்து மறைந்தது. மற்றவை அப்படியே நின்றன.

“சுத்தவே இல்லியேடா” என்றாள் அக்கா, கொஞ்சம் ஏமாற்றமாக. “அது சுத்தும்போதுதான் நான் டீ குடிப்பேன்.”

பெண் புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தியைத் தடவினாள், மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

“இன்னாம்மா, நாளைக்கு யாருனா இரவல் கேட்டா குடுப்பியா?” என்று அக்கா சீண்டினாள்.

“குடுப்பேன்க்கா. எங்கம்மாவுக்கு ஒருத்தங்க குடுத்தாங்க இல்ல?” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “ஆனா பொடவ யாருகிட்ட இருக்குதுன்னு அண்ணன் டிவில போட்டு வைக்கணும். எதிர் வீட்ல இருக்குதுன்னு மட்டும் போடக்கூடாது.”