மதினியைச் செம்பூரில் சேர்த்தது

தாராவியில் எங்கள் சந்தில் பகலில் யாரும் கதவை அடைப்பதில்லை. அடைத்தால் உள்ளே மூச்சு முட்டும். எங்கள் கதவில் மட்டும் மழைக்காலம் தொடங்கியதிலிருந்து வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கியது. தபால்காரர் வந்து தட்டினால் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "வீட்ல ஆளு இல்ல. பூட்டிக் கெடக்கது தெரியலையா?" தபால்காரர் மராட்டிக்காரர். பூட்டைப் பார்ப்பார், குரலைக் கேட்பார், கடிதத்தைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு வேகமாகப் போய்விடுவார். சந்தில் எல்லாருக்கும் சிரிப்பு. முதலில் நானும் சிரித்தேன்.

அந்தக் குரல் என் மதினி பாக்கியத்துடையது. என் வீட்டுக்காரரின் அக்கா. சின்ன வயதிலேயே புருசனை இழந்தவர், பிள்ளையில்லை. என் வீட்டுக்காரர் இந்த ஊரில் காய்ச்சலில் இறந்தபோது சாத்தான்குளத்திலிருந்து தனியாக ரயிலேறி வந்தார். என் மகன் அப்போது ஞானஸ்நானம்கூடக் கொடுக்காத கைக்குழந்தை. "ஏட்டி, நீ வேலைக்குப் போ, பிள்ளைய நான் பாக்கேன்" என்றார். செல்லத்துரை என்று பெயர் வைத்ததும் அவர்தான். நான் மாட்டுங்காவில் வீடு வீடாக இட்லிக்கு மாவாட்டப் போனேன். என் பிள்ளை அவர் மடியில் வளர்ந்து, இன்று குர்லாவில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான்.

மறதி மெதுவாகத்தான் வந்தது. ஒருநாள் கிங்ஸ் சர்க்கிளில் போய் நின்றுகொண்டு, வருகிற பஸ்ஸையெல்லாம் நிறுத்தி "சாத்தான்குளம் போகுமா?" என்று கேட்டிருக்கிறார். பூ விற்கிற தமிழ்ப்பெண் ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அன்றைக்குப் பூட்டு வாங்கினோம். பூட்டின வீட்டுக்குள் அவர் ஸ்டவ்வைப் பற்ற வைத்தார். திரைச்சீலையில் தீப் பிடித்து, அக்கம்பக்கத்தார் பூட்டை உடைத்து வெளியே இழுத்தார்கள். ஊரிலிருந்து படிக்கிற நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். நம் ஊரில் மறதிக்காரர் எங்கே நடந்தாலும் இன்னார் வீட்டு ஆள் என்று தெரியும். இங்கே பூட்டாவிட்டால் ரயில் தண்டவாளம், பூட்டினால் தீ. நான் வேலைக்குப் போகாமல் இருந்தால் அடுப்பு எரியாது.

மகன்தான் சொன்னான். "அம்மா, எங்க ஃபோர்மேன் சொல்லுதாரு, நர்சிங் ஹோம்னு இருக்காம். வயசானவங்கள வச்சுப் பாப்பாங்களாம். நீ மாட்டுங்காவுல விசாரிச்சுப் பாரேன்."

மாட்டுங்காவில் அப்படி ஒரு பலகையை நான் தினமும் பார்ப்பதுண்டு. மாடிப்படி ஏறினேன். மேசையில் கண்ணாடி போட்ட தமிழ் அம்மாள் ஒருவர் இருந்தார். எனக்கு அந்நியரிடம் வாய் எழும்பாது. அவரே கேட்டார்.

"யாரைச் சேர்க்கணும்?"

"எங்க மதினியம்மா."

"எத்தனாவது மாசம்?"

சீக்கு வந்ததைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "அஞ்சு மாசமா ரொம்ப முத்திப்போச்சு."

"வாந்தி இருக்கா?"

"இல்லம்மா. நல்லாச் சாப்பிடுதாவ. சாப்பிட்டதத்தான் மறந்துருதாவ."

"வயசு?"

"எழுவது ஆவப்போவுது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, இது பிரசவ ஆஸ்பத்திரி. பம்பாயில நர்சிங் ஹோம்னா பிரசவமும் ஆபரேஷனும்தான்." பெஞ்சில் இருந்த கர்ப்பிணிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் படியில் இறங்கி வந்து சுவரோரமாக நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்து மதினியிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். "ஏட்டி, எனக்கா பிரசவம்? ஆம்பளப் பிள்ளன்னா செல்லத்துரைன்னு பேரு வையி" என்றார். மகன் பக்கத்தில்தான் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். குனிந்த தலையை அவன் நிமிர்த்தவே இல்லை.

பிறகு பங்குச் சாமியார் இரண்டு இடம் சொன்னார். ஒன்று இலவசம், ஒரே கூடத்தில் நிறையப் பேர், தரையில் பாய். இன்னொன்று செம்பூரில், கன்னியாஸ்திரிகள் நடத்துவது, காசு கட்ட வேண்டும். அங்கே ஒரு கிழவிக்குத் தலை வாரி, இரட்டைப் பின்னல் போட்டு விட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். மாதாமாதம் கட்டுவதற்கு மகன் ஓவர்டைம் பார்ப்பதாகச் சொன்னான். முன்பணத்துக்கு மதினியின் பாம்படத்தைத் தவிர எங்களிடம் வேறு பொன் இல்லை. காதிலிருந்து கழற்றும்போது, "ஏட்டி, யாரு கல்யாணத்துக்கு?" என்று கேட்டார். நான் அதை முந்தானையில் முடிந்துகொண்டேன். நகைக்கடை சேட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யே தாலா ஹை க்யா?" என்றார். பூட்டா என்று கேட்கிறார். நான் என் காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் நம்பவில்லை. உருக்கிப் பார்த்துத்தான் காசு கொடுத்தார்.

கொண்டுபோய் விட்ட அன்று மதினி பிடிவாதம் எதுவும் செய்யவில்லை. கட்டிலைத் தட்டிப் பார்த்தார், ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்தார். நான் கையைப் பிடித்து, "போயிட்டு வாரேன் மதினி" என்றேன். வேறு என்ன சொல்வது? நமக்கு வாயில் வருவது அதுதானே.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து போனபோது சிஸ்டர் என்னைத் தனியே அழைத்தார். மங்களூர்க்காரர், இந்தியும் கொஞ்சம் தமிழும் கலந்து பேசுவார். "நீ என்ன போலா, என்ன சொன்னே? தினம் கேட் பெஞ்ச்ல உட்கார்றாங்க. சாப்பாட்டுக்கு வரமாட்டேங்கிறாங்க. அவ வருவா, வருவா, அதே பேச்சு. நீ ஏன் ஜூட்டா வார்த்தை கொடுக்கிறே?"

பொய் இல்லை சிஸ்டர், எங்களில் எல்லாரும் கிளம்பும்போது அப்படித்தான் சொல்வோம், போகிறேன் என்று செத்தாலும் சொல்ல மாட்டோம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ. என் தோளில் கை வைத்து, "இனிமே ஜாத்தீ ஹூன் போலோ. போறேன், அவ்ளோதான். அவங்க ஒரு வாரம் அழுவாங்க, அப்புறம் சாப்பிடுவாங்க" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். மதினியின் தோள் எலும்பு சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது.

அன்றைக்கு மதினிக்கு நான் யாரென்று தெரியவில்லை. "ஏம்மா, நீ எந்தூரு?" என்று கேட்டார். மாட்டுங்காவா, தாராவியா, சாத்தான்குளமா என்று எனக்கே சட்டென்று வாயில் வரவில்லை. வாழைப்பழம் உரித்துக் கொடுத்தேன், பாதி தின்றார். பஸ்ஸுக்கு நேரமானது. சிஸ்டர் கதவோரம் நின்று என்னையே பார்த்தார். நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, பிறந்ததிலிருந்து யாரிடமும் சொல்லாத அந்தச் சொல்லைச் சொன்னேன்.

"நான் போறேன் மதினி."

மதினியின் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்தார்.

"சீ! அப்பிடிச் சொல்லப்பிடாது. எந்த வீட்டுப் பிள்ள நீ? ஒங்க வீட்ல யாரும் சொல்லித் தரலையா? போயிட்டு வாரேன்னு சொல்லணும். சொல்லு."

கதவோரத்தில் சிஸ்டர் வேண்டாம் என்று தலையை அசைத்தார். மதினி விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர், ஊர், தான் வளர்த்த பிள்ளை, எல்லாம் போயும் இது ஒன்று அவரை விட்டுப் போகவில்லை.

"போயிட்டு வாரேன்" என்றேன்.

"ஆங், அதான்" என்றார். முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு எனக்கு முன்னால் நடந்துபோய், கேட்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில் சாலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.