ஆனிமேரி போட்ட சீட்டு

எங்கள் பள்ளிக்கு வருகிறவர்கள் ஆனிமேரியக்காவை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் டீச்சர் இல்லை. பசுமலையில் உள்ள எங்கள் மிஷன் பள்ளி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கிளார்க். திருத்தித் திருத்தி அலுத்துப்போய், இப்போது டீச்சர் என்றாலும் திரும்பிப் பார்ப்பார். பக்கத்து மேஜை என்னுடையது.

அவருக்கு ஒரே மகன், ஆன்றோ. தொழில்முறைக் கால்பந்து லீக்கில், வடக்கே ஒரு கிளப்புக்கு ஆடுகிறான். மதுரையில் இதைச் சொல்லிப் பாருங்கள். கிரிக்கெட்டா என்பார்கள். இல்லை, ஃபுட்பால் என்றால், அது சரி, வேலை எங்கே பார்க்கிறான் என்பார்கள். காளவாசல் சிக்னலில் நின்று அவன் பெயரைக் கத்தினாலும் ஒருவர் திரும்ப மாட்டார். அக்காவுக்கு அதில் வருத்தமில்லை. செப்டம்பரில் போகிறவன் ஏப்ரலில்தான் வருகிறான் என்பதுதான் வருத்தம்.

போன வருடம் ஏப்ரல் இருபத்தாறாம் தேதி அவர் கணவர் ஆசீர்வாதம் இறந்தார். காலையில் பல் துலக்கப் போனவர் விழுந்தார், அவ்வளவுதான். ஆன்றோ அன்றைக்கு, லீக் முடிந்த கையோடு வந்த ஒரு கோப்பைப் போட்டிக்காக வேறு ஊரில் இருந்தான். மழையில் ஒரு விமானம் ரத்தாகி, அடுத்ததைப் பிடித்து அவன் வந்து சேர்ந்தபோது கல்லறையில் மண் போட்டு முடித்திருந்தார்கள். சொந்தக்காரர்களுக்கு அப்படி என்ன அவசரமோ, எனக்கு இன்றைக்கும் அவர்கள்மேல் கோபம்தான். அவன் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதனால் முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்காவது அவன் கூட நிற்க வேண்டும். அக்கா வருடம் முழுக்க இதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தார். கே.கே. நகர் வீட்டில் ஒற்றை ஆள். அரை லிட்டர் பால் மிஞ்சுகிறது என்று கால் லிட்டருக்கு மாறினார். சில நாள் பள்ளி விட்ட பிறகும் கிளம்பாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குப் போய் என்ன செய்ய என்று கேட்பார். எனக்கு வீட்டில் நாலு பேர்; பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

இந்த வருடம் பார்த்து அந்த அணி நன்றாக ஆடித் தொலைத்தது. எப்போதும் லீக் சுற்றோடு மூட்டை கட்டுகிறவர்கள், முதல் முறையாக பிளே-ஆஃபுக்குப் போனார்கள். எங்கள் அலுவலக உதவியாளர் வெள்ளைத்துரை அண்ணன்தான் விளக்கினார். பட்டியலில் மேலே உள்ள ஆறு அணிகள் தங்களுக்குள் மோதும். தோற்றவர்கள் ஊருக்குக் கிளம்பலாம். அரையிறுதிக்கு மட்டும் இரண்டு ஆட்டம், இரண்டு ஆட்டத்தின் கோல்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். இறுதி ஆட்டம் ஏப்ரல் இருபத்தாறு.

அக்கா எழுதிக்கொண்டிருந்த டி.சி.யை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அப்ப தோத்தா வீட்டுக்கு வந்துருவான்லண்ணே?"

வெள்ளைத்துரை அண்ணன் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

அரையிறுதியின் முதல் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக முடிந்தது. அன்றைக்கு ஆன்றோ போன் செய்து, ஃபைனலுக்குப் போய்விட்டால் பூசையை இரண்டு நாள் தள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். அக்கா சரி என்றுவிட்டார். மறுநாள் என்னிடம் வந்து, பூசையைத் தள்ளலாம், அவர் செத்த நாளை எப்படித் தள்ளுவது என்று கேட்டார். இதை அவனிடம் சொல்லுங்கள் என்றேன். மகன் பிழைப்பில் குறுக்கே விழுந்த தாய் என்ற பேச்சு வேண்டாம் என்றார். வாயில்லாப் பூச்சி என்று மனதுக்குள் திட்டினேன்.

அக்கா போகும் கோயிலில் செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் நவநாள் ஜெபம். வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டால், ஃபாதர் பெயர் சொல்லாமல் வாசிப்பார். கூட்டம் மொத்தமும் அதற்காக வேண்டும். கல்யாணம், விசா, கிட்னியில் கல் எல்லாம் அதில் வரும். அக்காவும் ஒரு சீட்டு போட்டார். "என் மகன் இருபத்தாறாம் தேதிக்குள் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும்." ஃபாதர் வாசித்ததும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று முந்நூறு பேர் சொன்னார்கள். வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட பிள்ளை போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

தான் கேட்டது என்னவென்று அக்காவுக்கு அப்போது உறைக்கவில்லை. பிள்ளை வர வேண்டும், அது ஒன்றுதான் மனதில்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இரண்டாவது ஆட்டம். தனியாகப் பார்க்க வேண்டாமே என்று நானும் அக்கா வீட்டுக்குப் போனேன். தொண்ணூறு நிமிடத்தில் கோல் இல்லை, கூடுதல் நேரத்திலும் இல்லை. கடைசியில் பெனால்டி. எதிரணி ஐந்தையும் போட்டுவிட்டது. இவர்கள் நாலு போட்டிருந்தார்கள். ஐந்தாவதை அடிக்க ஆன்றோ வந்தான். போட்டால் ஆட்டம் தொடரும், விட்டால் முடிந்தது.

கேமரா அவன் முகத்தைப் பக்கத்தில் காட்டியது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். அதைப் பார்த்ததும் அக்கா எழுந்து டிவியை ஒட்டிப் போய் நின்றார்.

"அந்தோணியாரே, வேணாம். நான் கேட்டத விட்டுருங்க."

பந்து கம்பத்துக்கு மேலே போனது. அவன் புல்லில் உட்கார்ந்தான். மற்றவர்கள் வந்து தூக்குகிறவரை எழவில்லை. நான் ரிமோட்டை எடுத்தேன், அக்கா விடவில்லை. முழுவதையும் பார்த்தார்.

புதன்கிழமை ஆன்றோ வந்து சேர்ந்தான். அறைக்குள் போனவன் சாப்பிட மட்டும் வெளியே வந்தான். அம்மாவும் மகனும் அந்த வீட்டில் உப்பு போதுமா, போதும் என்பதற்கு மேல் பேசவில்லை.

இருபத்தாறாம் தேதி பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம். மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவில்லை. ஆன்றோ இரண்டு கையாலும் மறைத்துப் பற்ற வைத்தான். நான் ஓரடி பின்னால் நின்றேன்.

"ஊருல ஒருத்தருக்கும் நான் ஆடுனதே தெரியாதும்மா," என்றான். "நீ ஒருத்திதான் நாங்க ஜெயிக்கணும்னு வேண்டியிருப்ப."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தச் சீட்டைப் பற்றி எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு வருடமாக ஏங்கிய பிள்ளை தோளை உரசிக்கொண்டு நிற்கிறான், அவரோ ஒண்டியாகத்தான் நின்றார்.

"ஆமாய்யா," என்றார்.