எதிர்வீட்டு அக்காவின் ஓட்டு

பிரெஞ்சுக்காரர்கள் ஒருகாலத்தில் ஆண்ட எங்கள் ஊர் ரெட்டியார்பாளையத்தில், எதிர்வீட்டு அக்காவுக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி உண்டு, பிரெஞ்சு படிக்கத் தெரியாது. இறந்துபோன கணவர் அந்த நாட்டுப் பட்டாளத்தில் இருந்தவர். மகனுக்குப் பாரிசில் ஓட்டல் வேலை. அங்கே அதிபர் தேர்தல் வந்தால் எல்லா வேட்பாளர்களின் துண்டறிக்கைகளும் ஒரே உறையில் அக்காவுக்குத் தபாலில் வரும். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு தேர்தலின்போது, பள்ளியில் பிரெஞ்சு படித்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் மில் தொழிலாளியின் மகன். இடதுசாரி என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. ஒவ்வொரு தாளாகப் படித்துச் சொல்லி, இவர் இடது, இவர் வலது என்று தரையில் பிரித்து வைத்தேன். ஒரு தாளில், வெளியாட்கள் வந்து குவிவதால் சொந்த மக்களுக்கு ஆஸ்பத்திரியில்கூட இடமில்லை என்றிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவன்லாம் மனுசனாக்கா? ஒங்க மவனத்தான் சொல்றான்" என்று அதை வலது பக்கக் கடைசியில் வீசினேன்.

அக்கா அந்தத் தாளையே பார்த்தார். முந்தின வாரம் அவருக்குக் கண் காட்ட, எங்கள் ஊர் கோரிமேட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போயிருந்தேன்.

"அன்னிக்கு வரிசையில நீயும் இதத்தான தம்பி சொன்ன? விழுப்புரம் பஸ்ல வந்த வெளியூர்க்காரங்களப் பாத்து."

குத்திக்காட்டவில்லை, சந்தேகம்தான் கேட்டார்.

அன்று என் பேச்சு காதில் விழுந்து, முன்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண் ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டாள். நான் போனேன்.