உடம்புச் சூட்டில் ஒரு குழாய்

பஸ்ஸில் ஏறும்போது மருதமுத்து கம்பியைப் பிடிக்க மாட்டார். இடது கையை விலாவோடு ஒட்டவைத்து, தோளால் ஆளை இடித்துக்கொண்டு ஏறுவார். யாராவது வணக்கம் வைத்தால் தாடையைத் தூக்குவதோடு சரி. அக்குளில் ரத்தம் இருக்கிறது.

மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களின் ரத்தம், சின்னக் குழாய்களில் அடைத்தது. நோய் விட்ட துகளும் அதை எதிர்த்துப் போன உடம்பின் படையும் கட்டிப் புரண்டு, கொத்துக் கொத்தாய் ரத்தத்தில் அலையுமாம். அந்தக் கொத்து குறைவதை வைத்து மருந்து கேட்கிறதா என்று சொல்ல முடியுமா என்பதை ஒரு டாக்டரம்மா ஆராய்கிறார். ரத்தம் ஆறினால் கொத்து அடியில் படிந்து, சோதனையில் அகப்படாமல் போய்விடும். ரத்தம் எடுக்கும் இடம் எங்கள் கம்பெனி டவுன்ஷிப்பின் ஒரு கோடி, லேப் மறுகோடி. சூடாக வைக்கும் பெட்டி ஒன்று வந்தது. அதைச் சொருக பஸ்ஸில் பிளக் இல்லை. ஆகவே கான்ட்ராக்ட் ஆளான மருதமுத்துவின் அக்குள்.

அந்த பஸ்ஸை ஓட்டுகிறவன் நான். கண்ணாடியில் எல்லாம் தெரியும். அவருக்கு அக்குளில் கட்டி என்று நினைத்து மஞ்சள் பற்றுச் சொன்னவர்கள் உண்டு. "கட்டி இல்லம்மா, டூட்டில இருக்கேன்" என்பார். வேலை நாளில் வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார். "பொம்பளைங்க ரத்தம்ண்ணே. மரியாதையா வச்சிக்கினு போவணும்."

போன மார்கழியில் ஒரு காலை குழாய் ஒன்றுதான். அவர் மனைவி தமயந்தியுடையது. அந்த அம்மாவும் கூடவே ஏறினார். "கட்டிக்கினு வந்த நாள்லேருந்து என்னிய இப்புடி அணைச்சதில்ல" என்று சீண்டினார். மருதமுத்து சிரிக்கவில்லை. பல் தந்தியடித்தது. அம்மா அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அனல்.

மருதமுத்து குழாயை உருவிக் கையில் பொத்திக்கொண்டார். "ஒடம்பு கொதிக்குதே. இதுல ரத்தம் வெந்துட்டா கொத்து கலைஞ்சி, இல்லன்னு வந்துரும். மருந்து கேக்குதுன்னு நம்பிக்கினு இருந்துருவோமே, தமயந்தி."

பஸ்ஸே அக்குள் கொடுக்க முன்வந்தது. சூப்பர்வைசர் ஜெயப்பிரகாஷ் சட்டைப் பொத்தானையே கழற்றிவிட்டார். ஏசியில் உட்காருகிற உடம்பு ஆகாது என்று மருதமுத்து தள்ளிவிட்டார். நைட் ஷிப்ட் முடித்து வந்தவரிடம், வியர்வையில் வழுக்கும் என்றார். என்னைப் பார்த்தார். இன்ஜின் சூட்டில் உட்காருகிற ஆள் என்று நானும் கழிக்கப்பட்டேன்.

தமயந்தி கையை நீட்டினார். "குடுங்க. வந்த எடத்துலயே இருக்கட்டும்."

அறுவை செய்யாத பக்கத்தில் குழாயை இடுக்கிக்கொண்டார். அவர் இருந்த ஜன்னலின் கண்ணாடி ஏறாது, பனிக்காற்று நேராக அடித்தது. மருதமுத்து எழுந்தார். ஜன்னலை முதுகால் அடைத்துக்கொண்டு, லேப் வரும்வரை நடுங்கியபடியே நின்றார்.