கதவைப் பூட்டிய அம்மா

நாடகக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் குழாயக்கா. 'இப்போது அழ வேண்டும்' என்று சொன்னால் போதும், திருகிவிட்டது போலக் கண்ணீர் கொட்டும். 'போதும்' என்றால் நின்றுவிடும். செத்த பிள்ளைகளுக்கும் ஓடிப்போன கணவன்மார்களுக்கும் மேடையிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் வருஷக்கணக்காக அழுது தீர்த்திருந்தாள். அழுது முடித்த கையோடு, மூக்கைச் சிந்திவிட்டு, "டீ வந்துச்சா?" என்று கேட்பாள்.

நடிப்பு என்பது எப்போதாவது வருவதுதான். மற்ற நாட்களில் அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர் முகத்துக்கு ஃப்ரேம் பொருத்திப் பார்ப்பது, காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துக் கொடுப்பது, மூக்கில் அழுத்துகிறதா என்று கேட்பது. கணவர் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசில் பாதியை மோட்டார் சத்தத்தில் கழித்ததில் காது மந்தமாகிவிட்டது. மூன்றாம் மாடியில் இரண்டு அறை கொண்ட வீடு. ஒரே மகள் கல்யாணமாகிப் பக்கத்துப் பேட்டையில் இருந்தாள்.

மருமகன் நல்ல மனிதர். குடி கிடையாது, கோபம் கிடையாது. ஒரே ஒரு பைத்தியம்தான்: கருந்தும்பி. இருட்டில் பறந்து வந்து ஏழை எளியவர்களைக் காப்பாற்றுகிற முகமூடி வீரனின் படக்கதை அது. சின்ன வயதிலிருந்து வாங்கிச் சேர்த்த காமிக்ஸ் புத்தகங்களை ஒரு பீரோ நிறைய வைத்திருந்தார். அந்த பீரோவில் மகளின் துணிக்கு இடம் கிடையாது.

கருந்தும்பியின் அம்மா முதல் பக்கத்திலேயே செத்துப்போவாள். எரிகிற வீட்டு ஜன்னல் வழியாகக் குழந்தையை வெளியே போட்டுவிட்டுத் தான் கருகிப்போவாள். சின்னச் சின்னதாக மூன்று கட்டங்கள், அவ்வளவுதான். அவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. ஆனால் ரசிகர்களுக்கு அவள் சாமி மாதிரி.

இந்தக் கதை ஏற்கெனவே படங்களாக வந்து சக்கைப்போடு போட்டிருந்தது. கருந்தும்பி எப்படிக் கருந்தும்பி ஆனான் என்று அதற்கு முந்தைய கதையை எடுக்கப் போவதாகக் கம்பெனி அறிவித்தபோது, அம்மா வேஷத்துக்குக் குழாயக்காவைக் கூப்பிட்டார்கள். அவளைவிட மருமகனுக்குத்தான் தலைகால் புரியவில்லை.

"அத்தை, நீங்க இப்ப யாருன்னு தெரியுமா? கருந்தும்பியோட அம்மா."

"முதல் பக்கத்துலேயே செத்துடுவேன்னு உங்க பொண்டாட்டி சொன்னா. நல்லதுதான், சீக்கிரம் வீட்டுக்கு வந்துடலாம்" என்றாள் அக்கா.

படப்பிடிப்புக்குப் போனபோதுதான் கதை வேறு என்று தெரிந்தது. வீடு எரியவேயில்லை. தீ விபத்து என்பது பிற்பாடு பையனுக்குச் சொல்லப்பட்ட பொய். உண்மையில் அம்மா ஒரு ஆய்வுக்கூடத்தில் தரை துடைக்கிறவள். பிள்ளையைத் தானே கையைப் பிடித்து அங்கே கூட்டிக்கொண்டு போய், ஒரு அறைக்குள் விட்டு, வெளியே பூட்டிவிட்டுப் போய்விடுகிறாள். அவனுக்குச் சிறகு முளைத்ததும், அவன் யாரையும் நம்பாதவனாக ஆனதும் அந்த அறையில்தான். இதை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்கள். அக்கா வீட்டில்கூடச் சொல்லவில்லை.

அந்தக் காட்சிக்கு முன்னால் இயக்குநர் அவளைத் தனியாக அழைத்தார்.

"ஒரே ஒரு விஷயம்தாம்மா. அழக் கூடாது."

"கொஞ்சம்கூடவா?"

"கண்ணு கலங்கக்கூடக் கூடாது. கடையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போறவங்க எப்படிப் போவாங்க, அப்படி."

அக்கா கதவைச் சாத்தினாள். பூட்டைப் போட்டாள். சாவியை எடுத்தாள். இரண்டு எட்டு நடந்தவள், திரும்பி வந்து பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள். உள்ளே பிள்ளை கதவைத் தட்டுகிற சத்தம். விளக்குப் பிடித்த ஆள் அவள் பக்கத்தில் வரவே தயங்கினான்.

வீட்டுக்கு வந்து கணவரின் நல்ல காதுப் பக்கமாக உட்கார்ந்து அவள் சொன்னது: "இன்னைக்கு ஒரு பூட்டை இழுத்துப் பார்த்தேன். அவங்க சொல்லிக் குடுக்கல, நானா பண்ணினது. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு."

படம் வெளிவர இன்னும் வெகு நாள் இருக்கும்போதே அந்தக் காட்சி எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. சில நொடிகள் ஓடுகிற துண்டுதான். கதவு, பூட்டு, இழுத்துப் பார்க்கிற கை, அக்காவின் வறண்ட முகம். ஊர் முழுக்க எல்லோர் கைபேசியிலும் அது ஓடியது.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. கடை முதலாளி சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு, "அக்கா, ஒரு தடவை இழுத்துப் பாருங்க, உங்க கை ராசியான கை" என்பார். பிறகு ஒரு நாள் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் கடைக்கு வந்தான். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திய, அடக்கமான ஆள். அவன் காதுக்குப் பின்னால் கம்பியைச் சரிசெய்ய அவள் குனிந்தபோது மெதுவாகக் கேட்டான்.

"பூட்டினது நீங்கதானே?"

"ஆமா தம்பி, படத்துல."

"ஏன் பூட்டினீங்க?"

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, எதுவும் வாங்காமல் போனான்.

அதற்கு மறுநாள் காலையில் வீட்டு வாசல் கதவின் வெளித் தாழ்ப்பாளில் ஒரு பூட்டு தொங்கியது. பூட்டப்படவில்லை, சும்மா மாட்டியிருந்தது. யாரோ மறந்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று கணவர் அதை எடுத்துக் கருவிப் பெட்டியில் போட்டார். அடுத்த நாள் இன்னொன்று. அப்புறம் மாடிப்படிக் கைப்பிடியில், தபால் பெட்டியில், கடை ஷட்டரில் என்று பூட்டு முளைத்துக்கொண்டே இருந்தது. எல்லாம் புத்தம் புதியவை. யார் வைக்கிறார்கள் என்று யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்ததாகச் சொல்லவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் நின்று பேசுகிற கீழ்வீட்டு நர்ஸ், இப்போது கைப்பையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டு போனாள்.

பிறகு தொலைபேசி வந்தது. நல்ல மரியாதையான குரல்.

"அம்மா, சாப்பிட்டீங்களா?"

"யாரு பேசறது?"

"நீங்க உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போனீங்கல்ல, அந்தப் பிள்ளைதான்னு வெச்சுக்கோங்க."

அக்கா எட்டி வாசல் கதவைத் தாழிட்டாள்.

"பால்கனியில நீலத் துண்டு காயுதும்மா. மழை வரும்போல இருக்கு, எடுத்துடுங்க."

அவள் ஜன்னலுக்குப் போகவில்லை. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். "எங்க வீடு உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க மாப்பிள்ளைதான் காமிச்சாரு. எங்க ஆளுதாம்மா அவரு."

அன்றைக்கே மகளும் மருமகனும் வந்தார்கள். மருமகன் உட்காரவில்லை. கருந்தும்பி ரசிகர்களுக்கென்று கைபேசியில் ஒரு குழு இருந்தது, ஆயிரக்கணக்கான பேர். படத்தை அறிவித்த அன்று இவர் அதில் மாமியாரின் புகைப்படத்தைப் போட்டிருந்தார். அக்கா பால்கனியில் நிற்கிற படம். தெருவிலிருந்து எடுத்ததில் தெருப் பலகையும் கட்டடத்தின் பெயரும் பளிச்சென்று தெரிந்தன. காட்சி கசிந்ததிலிருந்து குழுவில் எல்லோரும் அக்காவைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெருமையாத்தான் போட்டேன் அத்தை. சத்தியமா."

"அது சரி மாப்பிள்ளை. அவங்க என்னைத் திட்டறப்போ நீங்க என்ன சொன்னீங்க?"

மகள்தான் பதில் சொன்னாள்.

"இவர் ஒண்ணும் சொல்லலம்மா. படிச்சுட்டு சும்மா இருந்திருக்காரு."

"எனக்கும் கோபம் இருந்துச்சு அத்தை" என்றார் மருமகன், குரலே எழும்பாமல். "அம்மா அப்படிப் பண்ணியிருக்க மாட்டா."

"எந்த அம்மா?" என்று கேட்டாள் அக்கா.

தன் மருமகனின் முகத்தில், கண்ணாடிக் கடைக்கு வந்தவனின் முகத்தில் இருந்த அதே நேர்மையான வருத்தம் இருப்பதை அவள் பார்த்தாள். திட்டுகிறவனாக இருந்தால் சமாளித்துவிடலாம். இவர்கள் எல்லோரும் துக்கத்தில் இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். கணவர் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். அக்கா அடுப்படியில் இருந்தாள். வெளியே 'டக்' என்று ஒரு சத்தம். பூட்டு விழுகிற சத்தம் இப்போது அவளுக்கு நன்றாகவே தெரியும். போய்க் கதவை இழுத்தாள், வரவில்லை. இந்தத் தடவை பூட்டிவிட்டார்கள்.

அவள் கணவரைத் தொட்டு விஷயத்தைச் சொல்வதற்குள் கதவுக்கு அடியிலிருந்து புகை வந்தது. காகிதமும் பெயிண்டும் சேர்ந்து எரிகிற நாற்றம். அவள் கத்தினாள். கீழே எங்கோ ஒரு கதவு திறந்து மறுபடி சாத்திக்கொண்டது.

கணவர் பதறவில்லை. ஈரத் துணியைக் கதவடியில் திணிக்கச் சொல்லிவிட்டுக் கருவிப் பெட்டியை எடுத்து வந்தார். "கீல் நம்ம பக்கம்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டி, கீலில் இருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். புகையில் இருமிக்கொண்டே தட்டினார். கடைசி ஊசி துருப்பிடித்து அசைய மறுத்தது. அது வெளியே வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து கதவைப் பக்கவாட்டில் இழுத்து நகர்த்தினார்கள்.

வாசலில் ஒரு பெயிண்ட் டப்பாவில் காமிக்ஸ் பக்கங்கள் எரிந்துகொண்டிருந்தன. படிக்கட்டின் திருப்பத்தில் ஹெல்மெட் போட்ட ஒருவன் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஓடவில்லை.

"ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுடுங்கம்மா" என்றான். "கேமராவைப் பார்த்துக் கேளுங்க. அழுதீங்கன்னா எல்லாரும் விட்டுடுவாங்க."

அழுவது அவளுக்கு ஒரு பெரிய வேலையே இல்லை. அழுதிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும் என்று பிறகு பல பேர் சொன்னார்கள். அவளும் முயன்றுதான் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. புகையில் எரிகிற கண்களோடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து டப்பாவில் ஊற்றினாள். அவன் எல்லாவற்றையும் படம் பிடித்துவிட்டு, படிகளில் நிதானமாக இறங்கிப் போனான். எரிந்ததில் மிஞ்சிய காகிதங்களை மறுநாள் மருமகன் வந்து கூட்டி அள்ளினார். ஒரு துண்டைக் கையில் எடுத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே தன் பீரோவைக் காலிசெய்தார் என்று மகள் சொன்னாள்.

காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் பேனாவை வைத்துவிட்டு, "ஏம்மா, அந்த மாதிரி வேஷத்தை ஏன் ஒத்துக்கிட்டீங்க?" என்றார்.

படம் வெளிவந்தது. அன்று அக்காவும் கணவரும் மகள் வீட்டில் விளக்கைக்கூடப் போடாமல் இருந்தார்கள். நடந்தது யாரும் எதிர்பாராதது. படம் பார்த்து வெளியே வந்தவர்களெல்லாம் அந்தக் காட்சியைத்தான் கொண்டாடினார்கள். அந்தப் பூட்டு இல்லாவிட்டால் கருந்தும்பியே இல்லை என்றார்கள். ஒரே வாரத்தில் திட்டியவர்களெல்லாம் தலைகீழாக மாறினார்கள். அக்காவின் முகம் போட்ட சட்டைகள் வந்துவிட்டன. வாசலில் பூட்டு தொங்குவது நின்றது.

கடைக்கு ஐந்தாறு பேராகச் சேர்ந்து புகைப்படம் எடுத்துக்கொள்ள வந்தார்கள். அதில் ஒருவன் தோளோடு தோள் ஒட்டி நின்று சிரித்தபடியே, "நாங்க கொஞ்சம் ஓவரா போயிட்டோம்மா. அன்புதான் காரணம். மனசுல வெச்சுக்காதீங்க" என்றான். குரல் எங்கோ கேட்ட குரலாக இருந்தது. அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். அன்றே முதலாளியிடம் சொல்லிவிட்டு வேலையை விட்டாள்.

ஊரின் மறு கோடியில் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்துக் குடிபோனார்கள். மருமகன் ஞாயிறுதோறும் வந்து மாமனாரோடு உட்கார்ந்திருப்பார். அவரோடு அக்கா எல்லாம் பேசுவாள், அந்த விஷயத்தைத் தவிர.

அடுத்த வருஷம் இன்னொரு முன்கதைப் படத்தை அறிவித்தார்கள். கருந்தும்பியின் உயிர் நண்பன் அவனை எப்படிக் காட்டிக்கொடுத்தான் என்பது கதை. நண்பன் வேஷத்துக்கு அவளோடு பல வருஷம் நாடகம் போட்ட ஒரு சிரிப்பு நடிகரைப் பிடித்திருந்தார்கள். செய்தியைப் பார்த்ததும் அக்கா அவருக்குப் போன் போட்டாள். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். "வேண்டாங்க, விட்டுடுங்க" என்றாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, நாப்பது வருஷமா மேடையில விழுந்து எழுந்திரிக்கறேன். என்னை எவன் சீரியஸா எடுத்துக்கிட்டான், இப்ப எடுத்துக்கறதுக்கு?"

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

படப்பிடிப்பு பாதி நடந்திருக்கும். ஒரு காலையில் அவரே கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது. பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பது போலப் பேசினார்.

"அக்கா, நீங்க குடிபோன இடத்துல வேற வீடு ஏதாவது காலியா இருக்கா?"

அக்கா எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இருக்கு. உங்க சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு வாங்க. ஆனா எங்கேன்னு போன்ல சொல்லமாட்டேன்."