றோபோ கைக்கு எழுதிய இருபது பக்கம்

1. சுவரில் குத்திய கை

றோபோ கை முதல் தடவை சுவரில் குத்தியபோது என் வயரிங்கைச் சந்தேகித்தேன். இரண்டாம் தடவை குத்தியபோது சொஃப்ட்வெயாரைத் திட்டினேன். மூன்றாம் தடவை எங்கள் பொறுப்பதிகாரி என்னைத் திட்டினார்.

சமாதானப் பேச்சு முறிந்து யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் நான் மின் தொழில்நுட்பவியலாளர். மூட்டை அடுக்கும் வேலையைப் பழக்குவதற்காக வெளிநாட்டு உதவியில் வந்தது அந்தக் கை. அதை இயக்கும் மென்பொருள் இலவசம், திறந்த மூலம். யாரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். கூட வந்த டொகியுமென்டேஷன், அதாவது கையேடு, மட்டும் ஏற்கெனவே தெரிந்தவனுக்காக எழுதியது. ‘தொடங்குவது எப்படி’ என்ற தலைப்பின் கீழே ஒரே வரி: கையைத் தயார் செய்துகொள்ளவும். அதைத்தானே ஐயா கேட்கிறேன்!

“அடுத்த மாசம் கொழும்பில இருந்து ஆக்கள் பார்க்க வருகினம். கை ஓடாட்டி கழட்டிக்கொண்டு போயிடுவினம். பிறகு இந்த வகுப்பும் இல்லை, விளங்குதோ?” என்றார் அதிகாரி.

“ஓம் சேர்” என்றேன். விளங்கியது அது மட்டும்தான்.

மென்பொருளின் மூல நிரலைத் துருவி ஒரு வாரத்தில் காரணத்தைப் பிடித்தேன். கரண்ட் போனதும் கை தொய்ந்துவிடும். திரும்பி வந்ததும், தொய்ந்து நிற்கிற இடத்தையே பூச்சியம் என்று நினைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் அதை மூலைக்கு நகர்த்தி, அங்குள்ள சுவிட்சைத் தொடவைத்து, இதுதான் பூச்சியம் என்று காட்ட வேண்டும். எழுதியவர்களின் ஊரில் கரண்ட் போவதில்லை போலும். எங்களுக்கோ அது நாளாந்தச் சங்கதி.

2. பரீதா

தமிழில் எட்டுப் பக்கம் எழுதினேன். சரிபார்க்க, கொம்பியூட்டரைத் தொட்டே இராத ஒருவர் வேண்டும் என்று தோன்றியது. ஸ்டோர் பொறுப்பாளர் பரீதா கிண்ணியாவிலிருந்து தினமும் படகுப் பாதையில் வருபவர். வகுப்பு மூடினால் அவருடைய வேலையும் போகும். எழுதியிருப்பதை மட்டும் செய்யுங்கள் என்று சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றேன்.

முதல் வரி: கொம்பியூட்டரைப் போடவும். பரீதா அசையாமல் இருந்தார்.

“எதால போடுற, அண்ணன்? எழுதல்லையே.”

இதுகூடத் தெரியாதா என்று கேட்க வாய் உன்னியது. என்னைப் பற்றி, கையேடு எழுதிய அந்த வெளிநாட்டுக்காரர்களும் அப்படித்தானே நினைத்திருப்பார்கள் என்று உறைத்தது. வெட்கமாக இருந்தது. குனிந்து பட்டனைக் காட்டப் போனேன்.

“வாயால சொல்லாதீங்க. எழுதித் தாங்க” என்றார்.

எட்டுப் பக்கம் இருபதாயிற்று.

3. அவர்கள் வந்த நாள்

அன்று காலை நான் வரும் வழியில், உப்புவெளியில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு. அடையாள அட்டையும் சைக்கிளுமாக வரிசையில் நின்றேன். போன் வேலை செய்யவில்லை. நிலையத்துக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது.

வாசலில் அதிகாரி நின்றார். “அவையள் வந்திட்டுப் போயிட்டினம்.”

“கை, சேர்?”

“நடுவில கரண்ட் போயிட்டுது.”

படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“பொறும் ஐசே, முழுக்கக் கேளும். பரீதா உம்மட கடதாசியை விரிச்சு, வரி வரியா விரல் வைச்சு, மெயினை அணைச்சா. ஜெனரேட்டர் வந்தாப் பிறகு கையை மூலைக்குக் கொண்டுபோய்த் தொடவைச்சா. ஆறு மூட்டையும் நேரா அடுக்கிக் காட்டினா. இவ எந்தக் கம்பஸில படிச்சவ எண்டு அவையள் கேட்டவை!”

கை எங்களிடமே இருந்தது. உள்ளே ஓடினேன். பரீதா முகத்தில் ஒரு பெருமிதமும் இல்லை. குறை சொல்லக் காத்திருந்தார்.

“பதினாலாம் பக்கத்தில ஒரு வரி இல்ல, அண்ணன். ஜெனரேட்டர்ல இருந்து லைன் கரண்டுக்கு மாறக்குள்ளயும் கை தொய்ஞ்சு போகுது. திரும்பவும் குத்தப் பாத்திச்சு. நிப்பாட்டுற சிவப்புப் பட்டனை அமத்திப்போட்டன். பென்சிலால எழுதி வச்சிருக்கன்.”

அந்தப் பென்சில் வரியோடு முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதி, மென்பொருளை உருவாக்கியவர்களுக்கு அனுப்பினேன். அடுத்த பதிப்பில் அதுவே முதல் அத்தியாயமாக வந்தது. என் உத்தியோக காலத்தில் எத்தனையோ மோட்டார் திருத்தியிருக்கிறேன். அந்த அத்தியாயம் கொடுத்த பெருமையை வேறு எதுவும் தரவில்லை.

இளம் பொறியியலாளர்களுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் எழுதியது சரியா என்று, நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது தெரியாது. சுற்றிவளைப்பில் அகப்பட்டு நிற்கும்போதுதான் தெரியும். எழுதியவர்கள் என்று அந்த அத்தியாயத்தின் கீழே இரண்டு பெயர்கள் இருக்கின்றன. பரீதாவின் பெயரை முதலில் போடச் சொன்னவன் நான்.