எல்லாத் துணியும் எட்டாவது கூடைக்கு

அந்தப் பெரிய மருத்துவமனையின் அடித்தளத்திலிருந்த சலவைக்கூடத்தில் மடிப்பக்காவைத் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. பதினாறு வருஷம் படுக்கை விரிப்பு மடித்தவள். ஒரு உதறு, குறுக்கே ஒரு மடிப்பு, நெடுக்கே ஒரு மடிப்பு, அவ்வளவுதான், விரிப்பு அடுக்கில் போய் உட்கார்ந்திருக்கும். கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். அவள் லீவு போட்ட அன்றைக்கு அடித்தளமே இழவு வீடு மாதிரி இருக்கும் என்பார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அங்கே துணி பிரிக்கிற இயந்திரம் வந்து இறங்கியது. ஒவ்வொரு துணியின் மூலையிலும் ஒரு வில்லை தைத்திருக்கும். வில்லைக்குள் ஒரு எண். இயந்திரம் அந்த எண்ணைப் படித்து, எந்த வார்டுத் துணி என்று பார்த்து, அந்த வார்டின் கூடையில் தள்ளிவிடும். ஆறு கூடை வார்டுகளுக்கு, ஏழாவது கூடை அடையாளம் தெரியாத துணிக்கு. மேஜையில் மடித்துக்கொண்டிருந்த பாதிப் பேரை வேறு வேலைக்கு மாற்றினார்கள். அக்காவை இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தினார்கள், துணி சிக்கினால் இழுத்துவிட.

புது வார்டு திறந்தாலோ எண் மாறினாலோ கம்பெனியிலிருந்து ஒருவர் வருவார். கறுப்புப் பெட்டியிலிருந்து கணினியை எடுத்து ஏதோ தட்டிவிட்டுப் போவார். பெட்டிக்காரர் என்று பேர் விழுந்துவிட்டது. அக்கா அவர் முதுகுக்குப் பின்னாலேயே நிற்பாள்.

“இந்த வரி என்ன பண்ணுது?”

“அக்கா, இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?”

“வில்லை பிஞ்சா தைக்கிறது நான். படிக்கிறது அது. நடுவுல என்ன நடக்குதுன்னு கேட்டா தப்பா?”

அவர் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார். பாதி புரிந்தது. மீதிப் பாதிக்காக அக்கா மாலை வகுப்பில் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். “படிக்கணும்னா படி, சாயங்காலம் சமையல் என் பொறுப்பு” என்றார். அந்த எட்டு மாதச் சமையலைப் பற்றி மாமியார் இன்றைக்கும் பேச விரும்புவதில்லை.

அந்த இயந்திரத்துக்கு வேலை சொல்லும் நிரல் எழுதப்பட்ட மொழியில், எழுதியதை அப்படியே ஓட்ட முடியாது. கம்பைலர் என்ற ஒன்று முதலில் முழுவதையும் படித்துப் பார்த்து, இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரவேண்டும். தப்பு இருந்தால் சிவப்பு எழுத்தில் சொல்லிவிட்டு நின்றுவிடும். அக்காவுக்குக் கம்பைலரை ரொம்பப் பிடித்துப்போனது. “எங்க மேற்பார்வையாளர் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா எதுக்குன்னு கண்டுபிடிக்க மூணு நாளாகும். இது வரி நம்பரோட சொல்லுது பாருங்க” என்று வகுப்பில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள்.

கம்பெனி ஒப்பந்தம் முடிந்தபோது, நிரலை இனி யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தது. அக்கா கையைத் தூக்கினாள். வேறு யாரும் தூக்கவில்லை. பெட்டிக்காரர் கடைசியாக வந்து எல்லாவற்றையும் ஒப்படைத்தார். அவர் கம்பைலரை ஓட்டிக் காட்டியபோது திரை நிறைய மஞ்சள் எழுத்து வந்தது, நாற்பத்து மூன்று எச்சரிக்கைகள்.

“இது என்ன இவ்வளவு?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. சிவப்பு வந்தா நில்லுங்க. மஞ்சள் வந்தா போய்க்கிட்டே இருங்க.”

போய்க்கொண்டேதான் இருந்தாள், இரண்டு வருஷம், ஒரு சிக்கலும் இல்லாமல்.

அப்புறம் குறைமாதக் குழந்தைகளுக்கென்று மேலே தனி வார்டு திறந்தார்கள். கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய விரிப்புகள் வந்து இறங்கின. அக்கா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் விரித்துப் பார்த்தாள். “இதை எப்படிடி மடிக்கிறது, ஒரு மடிப்புலயே முடிஞ்சு போச்சே” என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்.

எட்டாவது கூடை அந்தக் குழந்தைகளுக்கு என்று முடிவானது. நிரலில் ஒவ்வொரு வார்டு எண்ணுக்கும் ஒரு பேர் உண்டு. என்றைக்கும் மதிப்பு மாறாததால் அதற்கு மாறிலி என்று பேர். மாறிலிகள் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கும். இன்னொரு கோப்பில், வந்த எண்ணை மேலிருந்து கீழாக ஒவ்வொரு பேரோடும் ஒப்பிட்டு, எது பொருந்துகிறதோ அந்தக் கூடைக்கு அனுப்பும் பட்டியல். அக்கா புது மாறிலியை எழுதினாள். பட்டியலில் அதற்கு ஒரு வரி சேர்த்தாள், எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக. கம்பைலரை ஓட்டினாள். சிவப்பு இல்லை, வழக்கமான மஞ்சள்தான். ஒரு குட்டி விரிப்பைப் போட்டுப் பார்த்தாள். சமர்த்தாக எட்டாவது கூடையில் விழுந்தது. திருப்தியாக டீ குடிக்கப் போனாள்.

ஒன்பதரைக்குத் தொலைபேசி அடித்தது. புது வார்டு நர்ஸ்.

“சலவைக்கூடமா? இங்க மொத்தம் நாலு குழந்தைங்க. நானூறு விரிப்பு வந்திருக்கு. கூடவே திரைச்சீலை, சமையற்கட்டு ஏப்ரன், ஆறடி ஆளுக்கான அங்கி. எந்தக் குழந்தைக்குப் போட்டுவிடணும்னு சொன்னீங்கன்னா வசதியா இருக்கும்.”

அக்கா ஓடிப்போய்ப் பார்த்தாள். வருகிற துணியெல்லாம் எட்டாவது கூடையில் விழுந்துகொண்டிருந்தது. மற்ற ஏழும் காலி. தள்ளுவண்டிக்காரர் நிரம்ப நிரம்ப மேலே கொண்டுபோய்க்கொண்டிருந்தார். “பிள்ளைங்க இன்னிக்கு ரொம்ப அழுக்குப் பண்ணிருச்சு போலன்னு நினைச்சேன்க்கா” என்றார் பாவமாக.

அடுத்த அழைப்பில் சிரிப்பு இல்லை. அறுவை அரங்கில் அங்கி தீர்ந்துவிட்டது. ஒரு அம்மாவை மேஜையில் ஏற்றாமல் வெளியே படுக்க வைத்திருக்கிறார்கள்.

அக்கா இயந்திரத்தை நிறுத்தினாள். “எல்லாரும் மேஜைக்கு வாங்க!” என்று ஒரு சத்தம் போட்டாள். இஸ்திரிக்காரர்கள், தையல்காரி, தள்ளுவண்டிக்காரர், அந்த நேரத்தில் ஏதோ கையெழுத்துக்கு வந்த மேற்பார்வையாளர், எல்லாரையும் நிறுத்தித் துணியைக் கையால் பிரிக்க வைத்தாள். வில்லையைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை அவளுக்கு. தொட்டதும் சொன்னாள். “இது எலும்பு வார்டு, மொடமொடன்னு இருக்கும். இது அரங்கு அங்கி, தனியா வை.” முதல் கட்டு அங்கி மேலே போக நாற்பது நிமிஷம் ஆனது.

கூட்டம் கலைந்தபின் கணினி முன்னால் உட்கார்ந்தாள். வரி வரியாகப் பார்த்தாள். ஒன்றும் புலப்படவில்லை. கடைசியில், இத்தனை நாளாகத் தாண்டிப் போன மஞ்சள் எழுத்தைப் படிக்க ஆரம்பித்தாள். நாற்பத்து மூன்று இல்லை, இப்போது நாற்பத்தெட்டு இருந்தது. புதிதாகச் சேர்ந்தவற்றில் ஒன்று இப்படிச் சொன்னது: இந்த முதல் வரி எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளும், கீழே உள்ள வரிகளுக்கு எதுவும் போய்ச் சேராது.

விஷயம் இதுதான். மாறிலி ஒரு கோப்பில், பட்டியல் இன்னொரு கோப்பில். இங்கே பயன்படுத்தப் போகிறேன் என்று பேரைச் சொல்லி அதை வரவழைக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் வரவழைத்திருந்தது, புதிதை மட்டும் அக்கா மறந்திருந்தாள். ஒரே ஒரு வரி. அதைச் சேர்த்து ஓட்டினாள். விரிப்பு, அங்கி, திரைச்சீலை என்று வார்டுக்கு ஒன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றும் அதனதன் கூடைக்குப் போனது.

மேற்பார்வையாளர் அறிக்கைத் தாளோடு வந்தார். நல்ல மனுஷர்தான். “இயந்திரக் கோளாறுன்னு எழுதிடவா? யாருக்கும் தொல்லை இல்லை.”

“வேண்டாங்க. அது சொல்லுச்சு, நான்தான் காது கொடுக்கல. அப்படியே எழுதுங்க.”

எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அக்கா மாடியேறி அறுவை அரங்கு நர்ஸிடம் போய்த் தன் தப்பு என்று சொன்னாள். அந்த அம்மாவுக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, மயக்கம் தெளிந்துகொண்டிருக்கிறார் என்று நர்ஸ் சொன்னாள். அக்கா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வீட்டில் சாப்பிடும்போது மாமியார் விடவில்லை. “என்ன ஆச்சுன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்.”

“அத்தை, வாசல்ல நீங்க நிக்கிறீங்க. ‘பெரியவன் வந்தா முதல் அறைக்கு அனுப்புங்க’ன்னு நான் சொல்றேன். பெரியவன் யாருன்னு உங்களுக்குத் தெரியும். வர்றவன் அவனான்னு பார்த்து அனுப்புவீங்க.”

“ஆமா.”

“பெரியவன் யாருன்னே உங்களுக்குத் தெரியாதுன்னு வைங்க. கம்பைலர் என்ன பண்ணும் தெரியுமா? சரி, வர்றவனுக்கு இவ பேர் வைக்கச் சொல்றா போலிருக்குன்னு எடுத்துக்கும். முதல்ல வர்றவனும் பெரியவன், பால்காரனும் பெரியவன், தபால்காரனும் பெரியவன். எல்லாரும் முதல் அறைக்கு.”

மாமியார் யோசித்தார். “அது யாருன்னு உன்னைத் திருப்பிக் கேட்க வேண்டியதுதானே?”

“கேட்டுச்சு அத்தை. மஞ்சள்ல கேட்டுச்சு.”

“அப்ப அது மேல தப்பில்ல” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மருமகளுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

நிர்வாகம் பெட்டிக்காரரை ஒரு தடவை வந்து பார்த்துப் போகச் சொன்னது. இனி அவரையே வைத்துக்கொள்ளலாம் என்று மேலே ஒரு பேச்சும் இருந்தது. அவர் வந்து பட்டியலைப் பார்த்தார். “குழந்தைங்க வரியை ஏன் மேல வச்சீங்க? கடைசியில வச்சிருந்தா அடையாளம் தெரியாத துணி மட்டும்தான் அங்க போயிருக்கும். இவ்வளவு ஆகியிருக்காது.”

“சின்னப் பிள்ளைங்க. முதல்ல இருக்கட்டுமேன்னு.”

பெட்டிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “அந்த நாற்பத்து மூணும் என்னோடதுக்கா. மஞ்சளைப் பார்க்காதீங்கன்னு சொன்னதும் நான்தான்” என்றார். நிர்வாகத்துக்கும் அதையே எழுதிக் கொடுத்தார். நிரலை அக்காவே பார்த்துக்கொள்ளட்டும் என்றும் ஒரு வரி சேர்த்தார்.

இரண்டு நாள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மஞ்சளாகத் தீர்த்தார்கள். பெரும்பாலும் சில்லறைதான். முப்பத்தோராவது எச்சரிக்கையில் அக்கா நிமிர்ந்தாள். கண் வார்டில் தலையணை உறைக்கு மட்டும் தனி எண், எழுபத்தொன்று. அதை எழுத வேண்டிய இடத்தில் பெட்டிக்காரர் பதினேழு என்று தட்டியிருந்தார். பதினேழு ஏற்கெனவே மேலே எலும்பு வார்டுக்கு இருந்தது. அதனால் அந்த உறை வரிக்கு ஒன்றும் போய்ச் சேரவேயில்லை. உறையெல்லாம் அடையாளம் தெரியாத கூடைக்குப் போய், வாராவாரம் கிடங்கில் அடைந்துகொண்டிருந்தது.

உறை குறைகிறது என்று கண் வார்டு ஆயா ஐந்து வருஷமாகச் சண்டை போட்டவள். கணக்குத் தெரியாதவள், தொலைத்துவிட்டுப் பழிபோடுகிறவள் என்று சலவைக்கூடமே அவளைப் பேசியிருந்தது. அக்காவும்தான்.

பெட்டிக்காரர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அக்கா தொலைபேசியை எடுத்தாள்.

“கண் வார்டா? உங்க தலையணை உறை கிடைச்சிருச்சும்மா.”

“எத்தனை?” என்றாள் ஆயா, வெடுக்கென்று.

“அஞ்சு வருஷத்துது. வண்டி ரெண்டு தடவை வரணும். நானும் கூட வரேன், மன்னிப்புக் கேக்கணும்.”

“சரி வாங்க” என்றாள் ஆயா. “மடிச்சுக் கொண்டாங்க.”